தறிக்குழியில் ஊறும் தண்ணீர்

காஞ்சிபுரத்து நெசவாளர் வீட்டில் மழை கூரை வழியாக வருவதற்கு முன்பே தரை வழியாக வந்துவிடும். வெளியூரில் இருப்போருக்கு இது எளிதில் விளங்காது. நம் ஊர்ப் பட்டுத்தறிகள் பெரும்பாலும் குழித்தறிகள். வீட்டுக்குள் தரையைத் தோண்டி, அந்தக் குழிக்குள் கால்களை இறக்கி, மிதிகட்டையை மிதித்தபடி நெசவாளர் நெய்கிறார். ஐப்பசி கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்தால் நிலத்தடி நீர் மேலேறுகிறது. முதல் நாள் குழியின் அடியில் ஈரம் தெரியும். மறுநாள் கணுக்கால் அளவு நீர் நிற்கும். வாளியால் இறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால் சற்று நேரத்தில் மீண்டும் ஊறிவிடும். விடியற்காலையில் தெருவில் பாவை நீட்டிக் கஞ்சி தோய்க்கிற வேலையும் நின்றுபோகும். ஈரக்காற்றில் பட்டு இழை சொன்னபடி கேட்காது. தறி நின்றால் கூலி நிற்கும்.

இதை எந்தத் தொலைக்காட்சியும் காட்டுவதில்லை. படகில் மீட்கப்படும் காட்சி இல்லை, உயிரிழப்பு இல்லை, அமைச்சர் வந்து பார்வையிடுவதற்கும் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வீட்டில் இரண்டு வாரக் கூலி போய்விட்டது. மளிகைக் கடையில் கடன் ஏறிவிட்டது. பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்கு வைத்திருந்த காசு கரைந்துவிட்டது. மழைக்காலத்தில் வாங்கிய கடனைக் கட்டக் கோடை வரை நெய்ய வேண்டியிருக்கிறது. அதற்குள் அடுத்த ஐப்பசி வந்து நிற்கிறது.

அன்பார்ந்த இறைமக்களே, ஐக்கிய நாடுகள் அவை ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் 13-ஆம் நாளைப் பேரிடர் அபாயக் குறைப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறது. வடகிழக்குப் பருவமழை நம் வாசலுக்கு வந்து நிற்கும் நேரம் அது. நமக்கென்றே குறித்த நாள் போலத் தோன்றுகிறது. ஆனால் நம் ஆலயங்களில் இந்த நாளை நாம் நினைப்பதில்லை. டிசம்பரில் வெள்ளம் வந்த பிறகு அரிசி திரட்டுகிறோம், போர்வை திரட்டுகிறோம். நல்லதுதான். ஆனால் அக்டோபரில் நாம் என்ன செய்தோம் என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. நாமும் நம்மைக் கேட்டுக்கொள்வதில்லை.

முதலில் சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். இந்தத் துறையில் பணியாற்றுவோர் இடர் என்பதையும் பேரிடர் என்பதையும் ஒன்றாகக் கருதுவதில்லை. கனமழை ஓர் இடர். புயல் ஓர் இடர். நிலநடுக்கமும் அப்படியே. அது வந்து மோதுகிற இடத்தில் யார் இருக்கிறார்கள், எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார்கள், கையில் என்ன சேமிப்பு உண்டு, முன்கூட்டியே தெரிந்ததா என்பவற்றைப் பொறுத்தே அது பேரிடராக மாறுகிறது, அல்லது மாறாமல் போகிறது. ஒரே மழைதான் காந்தி ரோட்டில் உள்ள பட்டுக்கடையின் கண்ணாடிக் கதவின்மேலும் பெய்கிறது, அந்தக் கடைக்குச் சேலை நெய்துகொடுக்கிற பிள்ளையார்பாளையத்து வீட்டின்மேலும் பெய்கிறது. கடைக்காரருக்கு அன்று வியாபாரம் சற்று மந்தம். நெய்தவருக்கு மாதமே போயிற்று. மழையைப் பார்த்தால் இந்த வேறுபாடு தெரியாது, குழியைப் பார்த்தால்தான் தெரியும்.

இதையே பெரிய அளவில் 2015-இல் கண்டோம். அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் காலையிலிருந்து மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். தாம்பரம் அன்று நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் இருந்தது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. வரதராஜபுரம், முடிச்சூர் மக்கள் இரவோடு இரவாக மொட்டை மாடிகளில் ஏறினார்கள். அந்தப் பருவமழையில் தமிழகத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். 2018-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட மத்திய தணிக்கைத் துறையின் அறிக்கை இதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறிப்பிட்டது. ஏரியைக் கையாண்டதில் குறையில்லை என்று அரசு தரப்பில் சொல்லப்பட்டது. அந்த வாதத்தைத் தீர்ப்பது நம் வேலை அல்ல. ஆனால் நீர் திறந்த இரவை மட்டும் பேசிக்கொண்டிருந்தால், அதற்கு முந்திய முப்பது ஆண்டுகளை மறந்துவிடுவோம். ஏரிகளின் உபரி நீர் ஓடிய கால்வாய்களில் மனைப்பிரிவுகள் வந்தன. அவற்றுக்கு அங்கீகாரம் கிடைத்தது. வங்கிக் கடன் கிடைத்தது. நாமும் வாங்கினோம். புதுமனைக்கு வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்துக் கொடுத்தவர்களில் குருக்களாகிய நாமும் இருக்கிறோம். அந்த மனைக்கு முன்பு என்ன பெயர், அங்கே தண்ணீர் நின்றதா என்று அன்று நாம் கேட்டதில்லை.

செங்கல்பட்டு மாவட்டம் பிரிந்தது 2019-இல். அதற்கு முன்பிருந்த ஒன்றுபட்ட காஞ்சிபுரம் மாவட்டத்தில் பொதுப்பணித் துறையின் பொறுப்பில் மட்டும் 909 ஏரிகள் இருந்தன. ஊராட்சிகளின் சிறு ஏரிகள், குளங்கள், குட்டைகள் தனி. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே இருப்பவை அல்ல. மேலேயுள்ள ஏரி நிரம்பினால் அதன் கலங்கல் வழியே நீர் வழிந்து அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஏரிக்கு. பெருமழையைப் பங்கிட்டுக்கொள்ளத் தெரிந்த ஓர் ஏற்பாடு இது. நடுவில் ஒரு கண்ணியை அடைத்தால் கீழேயுள்ள ஏரி வறண்டு கிடக்கும், மேலேயுள்ள கரை உடையும். வறட்சியையும் வெள்ளத்தையும் ஒரே ஆண்டில் பார்ப்போம். பார்த்துக்கொண்டும் இருக்கிறோம்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. காஞ்சிபுரத்திலிருந்து சிறிது தூரத்தில் உள்ள உத்திரமேரூருக்குப் போனவர்கள் அங்குள்ள கல்வெட்டுகளைப் பார்த்திருப்பார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தவை, 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. குடவோலைத் தேர்தலுக்காக அவற்றைப் பெருமையுடன் பேசுகிறோம், பாடநூலில் படிக்கிறோம். ஆனால் அந்தத் தேர்தல் எதற்காக என்பதை அவ்வளவாகப் பேசுவதில்லை. அங்கே தேர்ந்தெடுக்கப்பட்ட குழுக்களில் ஒன்று ஏரி வாரியம். அதற்கு ஆறு பேர், ஓராண்டுப் பொறுப்பு. முன்பு பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் நிற்க முடியாது, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. இன்றைக்கு எத்தனை குழுக்கள் இந்தச் சோதனையில் தேறும் என்று கேட்டால் வம்பு வரும். நம் பங்குப் பேரவைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

அந்தக் கால ஊர்ச்சபையில் எல்லாருக்கும் இடமில்லை என்பதை நாம் அறிவோம். நிலமும் கல்வியும் உடையோர்க்கே அது திறந்திருந்தது. அதைப் பொற்காலமாகக் காட்டத் தேவையில்லை. ஆனாலும் ஏரி உடைந்த பிறகு நிவாரணம் கொடுக்க அன்று குழு போடவில்லை. ஏரி உடையாமல் பார்த்துக்கொள்ளக் குழு போட்டார்கள்.

இனி நம் நகரின் வேகவதி ஆற்றுக்கு வருவோம். பெயரிலேயே வேகம் இருக்கிறது. பிரமனின் வேள்வியைத் தடுக்கச் சரசுவதி ஆறாகப் பெருகி வந்ததாகவும், பெருமாள் அதன் குறுக்கே படுத்து அதைத் தடுத்ததாகவும் திருவெஃகாவின் தலபுராணம் சொல்கிறது. இந்து சகோதரர்களின் இந்த நம்பிக்கைக் கதைக்குள் ஒரு பழைய வெள்ளத்தின் நினைவும் தங்கியிருக்குமோ என்று நமக்குத் தோன்றும். ஊருக்குள் ஓடும் இந்த ஆறு திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. இன்று அதைப் பார்ப்பவர் ஆறு என்று சொல்லத் தயங்குவார். கழிவுநீரும் குப்பையும் முட்செடியும் கரையோர வீடுகளுமாகக் கிடக்கிறது. பாலாறும் ஆண்டில் பெரும்பகுதி மணல்வெளிதான், அந்த மணலையும் அள்ளியாகிவிட்டது. ஆறு வறண்டு கிடந்தால் மக்கள் அதை நிலமாக நினைக்கத் தொடங்குவார்கள். 2021 நவம்பரில் அதே பாலாற்றில் விநாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் வெள்ளம் வந்தபோது, அது தன் நிலத்தைத் திரும்பக் கேட்டது.

வேகவதிக் கரையில் குடியிருந்தவர்களை நாம் குற்றவாளிகளாகப் பேசிவிடுகிறோம். ஆக்கிரமிப்பாளர் என்ற ஒரு சொல்லில் அவர்களை முடித்துவிடுகிறோம். அவர்கள் யார்? தறிவேலைக்கு உதவியாகப் போகிறவர்கள், கட்டடக் கூலிகள், தள்ளுவண்டி வியாபாரிகள், வீட்டு வேலை செய்கிற பெண்கள். நகருக்குள் வாடகை கொடுத்து இருக்க முடியாதவர்கள் வேலைக்குப் பக்கத்தில் கிடைத்த இடத்தில் தங்கினார்கள். அந்த இடம் ஆற்றங்கரையாக இருந்தது. ஏழைக்கு நகரம் ஒதுக்குகிற இடம் எப்போதும் தாழ்வான இடம்தான். அவர்களுக்கென்று கீழ்க்கதிர்ப்பூரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கட்டப்பட்டன. வெள்ளத்திலிருந்து பாதுகாப்பு என்பது உண்மை. ஆனால் வேலை நகருக்குள் இருக்கிறது, பள்ளிக்கூடம் நகருக்குள் இருக்கிறது, பேருந்துக்குக் காசு வேண்டும். அதனால்தான் பலர் போகத் தயங்கினார்கள். ஆண்டுக்கு நான்கு நாள் வரும் வெள்ளமா, அன்றாடம் வரும் பசியா என்று அந்தத் தாய்மார்கள் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கு நமக்கு முட்டாள்தனமாகத் தோன்றினால், நாம் அந்த நிலையில் இருந்ததில்லை என்றுதான் பொருள். இடம் மாற்றுவதோடு பேருந்தும் பள்ளியும் வேலையும் கூடவே போகாவிட்டால், தண்ணீரில் இருந்த அபாயத்தைத் தட்டில் கொண்டுபோய் வைத்ததாகும். சூழலின் அழுகுரலும் ஏழைகளின் அழுகுரலும் ஒன்றே என்ற எண்ணத்தை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘இறைவா உமக்கே புகழ்’ எனும் சுற்றுமடலில் வலியுறுத்தினார். அதை நாம் கருத்தரங்குகளில் விவாதித்தோம். வேகவதிக் கரைக்குப் போய் அதைப் படித்ததில்லை.

இவ்வளவு சொல்லும்போது சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். சாமி, எல்லாம் ஆண்டவர் சித்தம் அல்லவா, நாம் என்ன செய்ய முடியும் என்று நம் மக்கள் கேட்பதுண்டு. இன்னும் சிலர் ஒரு படி மேலே போய், பாவம் பெருகிவிட்டது, அதனால் தண்டிக்கிறார் என்பார்கள். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆழிப்பேரலை வந்தபோது இந்தப் பேச்சை நிறையவே கேட்டோம். தமிழகத்தில் சுமார் எட்டாயிரம் பேர் மாண்டார்கள். அவர்களில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தில். அன்று கடற்கரையும் சேர்ந்திருந்த நம் மாவட்டத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர். கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு வேளாங்கண்ணி வந்திருந்த திருப்பயணிகளில் ஏராளமானோர் கடற்கரை மணலிலேயே இறந்தார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை என்பதை நாம் இன்றும் புதுமையாகச் சொல்லிக்கொள்கிறோம். உள்ளே இருந்தவர்கள் பிழைத்ததற்கு இறைவனுக்கு நன்றி சொல்வது தகும். ஆனால் வெளியே மணலில் மாண்டவர்களும் அதே அன்னையின் பிள்ளைகள்தாம், பலர் காலைத் திருப்பலி முடித்துக் கடலில் கால் நனைக்கப் போனவர்கள். புதுமையை நாம் அப்படிச் சொல்லும்போது, பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருவர் நம் பீடத்துக்கு முன்னால் அமர்ந்திருக்கலாம் என்பதை மறந்துவிடுகிறோம்.

ஆண்டவர் இயேசுவிடமே இந்தக் கேள்வி வந்தது. லூக்கா நற்செய்தி 13-ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி அவரே பேசுகிறார். எருசலேமில் குடியிருந்த மற்ற எல்லாரையும்விட அவர்கள் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை அவர் மறுத்துவிடுகிறார். செத்தவர்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல அவர் நமக்கு இடம் தரவில்லை. பேச்சை உடனே உயிரோடிருப்பவர்கள் பக்கம் திருப்பி, மனம் மாறச் சொல்கிறார். அந்த மனமாற்றம் என்ன என்று நாம் மறையுரைகளில் சொல்லும்போது கோபம், குடி, பொய் என்று நிறுத்திக்கொள்கிறோம். கோபுரம் விழுந்த ஊரில் அடுத்த கோபுரத்தை எப்படிக் கட்டுகிறோம் என்பதும் அந்த மனமாற்றத்தில் அடங்கும் என்பது நம் கருத்து.

இதை வலிந்து சொல்வதாக எண்ண வேண்டாம். இணைச்சட்ட நூல் 22-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறிய கட்டளை உண்டு. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும், எழுப்பாமல் யாரேனும் விழுந்து இறந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும் என்பது அதன் பொருள். நாம் ஆண்டுக்கணக்காக வாசித்தும் கண்டுகொள்ளாத வசனம் இது. விழுந்தவனின் பாவத்தைப் பற்றி அங்கே ஒரு பேச்சும் இல்லை, சுவர் கட்டாதவனின் பொறுப்பு மட்டுமே பேசப்படுகிறது. தொடக்கநூலில் யோசேப்பும் பஞ்சம் வந்த பிறகு கஞ்சித்தொட்டி திறக்கவில்லை. விளைச்சல் நன்றாக இருந்த ஏழு ஆண்டுகளிலும் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்தார். கனவுக்குப் பொருள் சொன்னதைவிடக் களஞ்சியம் கட்டியதே கடினமான வேலையாக இருந்திருக்கும்.

2004-ஆம் ஆண்டு ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் கருகினார்கள். கூரைக் கொட்டகை, குறுகிய படிக்கட்டு. அதன் பிறகே தமிழகமெங்கும் பள்ளிகளில் ஓலைக் கூரைகள் இறக்கப்பட்டன, நம் மறைமாவட்டங்களின் பள்ளிகளிலும்தான். அந்தக் கூரைகள் நமக்கு ஜூலை 15 அன்றும் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தன.

ஆழிப்பேரலை நாளிலேயே வேறொரு செய்தியும் உண்டு. புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் ஊர். அந்த ஊரைச் சேர்ந்த ஓர் இளைஞர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். தொலைக்காட்சியில் நிலநடுக்கச் செய்தியைப் பார்த்தவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். கடல் தண்ணீர் ஊருக்குள் வருகிறது என்று வீட்டார் சொல்ல, எல்லாரையும் வெளியேறச் சொல்லிக் கத்தினார். ஊரில் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த தகவல் மையம் ஒன்று இருந்தது. அலையின் உயரம், மீன் கிடைக்கும் இடம் போன்றவற்றை அன்றாடம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொல்வது அதன் வேலை. அந்த ஒலிபெருக்கியிலேயே அன்று எச்சரிக்கை கொடுத்தார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் ஓடித் தப்பினார்கள். வீடுகளும் படகுகளும் போயின, உயிர் ஒன்றும் போகவில்லை. கருவி அன்று புதிதாக வந்ததல்ல. தினமும் பயன்பட்டதால்தான் அன்று சாவி யாரிடம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. நம் ஆலயக் கோபுரத்திலும் ஒலிபெருக்கி இருக்கிறது. திருவிழாவுக்கும் நவநாளுக்கும் ஊரே கேட்கப் போடுகிறோம். அது காஞ்சிபுரத்தில் எல்லாச் சமயத்தாருக்கும் கேட்கிறது, சிலருக்குச் சற்று அதிகமாகவே கேட்கிறது.

ஒடிசாவைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1999 அக்டோபர் பெரும்புயலில் அங்கே ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். 2013 அக்டோபரில் பைலின் புயல் அதே கடற்கரையைத் தாக்கியபோது சாவு ஐம்பதைத் தாண்டவில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் புயல் பாதுகாப்பு மையங்கள் கட்டினார்கள். ஊருக்கு ஊர் தொண்டர்களைப் பயிற்றுவித்தார்கள். முன்கூட்டியே பத்து லட்சம் பேர் வரை வெளியேற்றினார்கள். அந்தப் பதினான்கு ஆண்டுகளில் ஏழ்மை ஒழிந்துவிடவில்லை. ஏழைகளாக இருந்தபடியே மக்கள் பிழைத்தார்கள். வசதி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்ற நம் வழக்கமான பதிலுக்கு அங்கே இடமில்லை.

இடர் என்பது தண்ணீரும் காற்றும் மட்டுமல்ல, கூட்டமும் ஓர் இடரே. இதை நம் நகரமே கண்டது. 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாள் வரதராசப் பெருமாள் கோயிலில் அத்தி வரதர் காட்சி. ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள். சாலைகளை அடைத்தார்கள், பந்தல் போட்டார்கள், மருத்துவ முகாம் வைத்தார்கள். நம் பகுதி வீடுகளிலும் வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தோம். ஆனாலும் ஜூலை 18 அன்று கூட்ட நெரிசலில் நால்வர் இறந்தார்கள். இதற்கு முந்திய காட்சி 1979-இல், அடுத்தது 2059-இல். நாற்பதாண்டுக்கு முன்பே தேதி தெரிகிற இடர் உலகில் வேறு எங்கும் இருக்காது! தெரிந்திருந்தும் நெரிசல் வந்தது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் அரசியல் கூட்ட நெரிசலில் 41 பேர் இறந்தபோது நாடே பதறியது. மற்றவர்களைச் சொல்லும் முன் நம்மையும் பார்ப்போம். ஆகஸ்டு கடைசியில் காவி உடுத்தி நம் பிள்ளைகள் வேளாங்கண்ணிக்கு நடக்கிறார்கள். இருட்டில், நெடுஞ்சாலையின் ஓரத்தில், லாரிகளுக்குப் பக்கத்தில். நடைப்பயணிகள்மேல் வண்டி மோதிய செய்தியை நாம் பலமுறை படித்துவிட்டோம். ஒளி பட்டால் மின்னுகிற பட்டையை முதுகில் ஒட்டுவதற்கு எவ்வளவு செலவாகும்? அனுப்பும் முன் தலையில் கைவைத்து ஆசீர்வதிக்கிறோம். அந்தப் பட்டையையும் ஒட்டி அனுப்பலாம்.

வெள்ளத்துக்குத் திரும்புவோம். பேரிடர் மேலாண்மைச் சட்டம் நம் நாட்டில் 2005-இலேயே வந்துவிட்டது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் ஆணையம் உண்டு, 1077 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் உண்டு. ஆனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் படுத்த படுக்கையாக ஒரு பாட்டி இருக்கிறார் என்பது ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரியாது. அன்பியத்துக்குத் தெரியும். மாதந்தோறும் வீடு வீடாகக் கூடிச் செபிக்கிற நம் அன்பியங்களைப் போல ஒரு தெருவை அறிந்த அமைப்பு வேறு இல்லை. அந்தப் பாட்டியின் பெயர், அவரைத் தூக்க இருவர் பெயர், மேடான வீடு எது, கைக்குழந்தை எந்த வீட்டில், ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறவர் யார், குழித்தறி எத்தனை, தறியிலிருந்து பாவையும் ஜரிகையையும் அவிழ்த்துப் பரண்மேல் ஏற்றிவைக்க யாரைக் கூப்பிடுவது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒரு மாலையில் எழுதிவிடலாம். எழுதும்போது கிறிஸ்தவ வீடுகளை மட்டும் எழுதக் கூடாது. அந்தத் தெருவில் நாம் ஐந்து வீடு என்றால் மற்றவர்கள் ஐம்பது வீடு. வெள்ளம் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்பதில்லை. குடும்ப அட்டை, ஆதார், நெசவாளர் அட்டை, வங்கிப் புத்தகம் ஆகியவற்றை நெகிழிப் பையில் கட்டி உயரத்தில் வைக்கச் சொல்வதும் அதே மாலையில் முடிகிற வேலை. தாள் நனைந்து போய் நிவாரணமும் கிடைக்காமல் நின்றவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

இதில் ஒரு சங்கடம் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுவது நல்லது. நிவாரணத்துக்கு நன்கொடை வரும். படம் எடுக்கலாம், பெயர் போடலாம், மறைமாவட்ட இதழில் அச்சாகும். வாய்க்காலில் இருந்து நான்கு கூடை மண் அள்ளினால் யார் படம் எடுப்பார்கள்? வராமல் போன வெள்ளத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. அரிசி மூட்டையோடு நின்று படம் எடுத்துக்கொண்டவர்களில் நாமும் உண்டு என்பதால்தான் இதைச் சொல்கிறோம்.

நம் பங்கின் ஓர் அன்பியக் கூட்டத்தில், மழைக்கு முன்பாக, வெள்ளம் வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் எவ்வளவு அரிசி கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். ஐந்து கிலோவா பத்து கிலோவா என்று விவாதம் நடந்தது. தறி நெய்கிற ஓர் அம்மா எழுந்தார். “சாமி, அரிசி ரேஷன்லயே கிடைக்குது. எங்க குழிக்கு அடியில தளம் போட்டு சிமெண்ட் பூசித் தாங்க. மழையிலயும் நெய்யணும், அதுக்கு வழி பண்ணுங்க” என்றார். சற்று நேரம் யாரும் பேசவில்லை. ஆண்டாண்டாக அரிசி கொடுத்த நாம் ஒருமுறைகூட அவரிடம் கேட்டதில்லை.

கொத்தனாரை அழைத்துப் பார்த்தோம். பூசினால் பக்கவாட்டுக் கசிவு நிற்கும், ஆனால் ஊற்று பலமாக இருந்தால் தளத்தையே கீழிருந்து தூக்கிவிடும் என்று அவர் எச்சரித்தார். தரைக்கு மேல் உயர்த்தி அமைக்கிற தறியும் உண்டு. ஆனால் செலவு கூடும், பல வீடுகளில் கூரை அதற்கு உயரம் போதாது. எந்த வீட்டுக்கு எது பொருந்தும் என்று வீடு வீடாகத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. தவக்கால உண்டியலில் இருந்து ஒரு பகுதியை இதற்கு ஒதுக்கலாம் என்று பங்குப் பேரவையில் வைத்தபோது, வெள்ளம் வந்தபின் கொடுக்கக் காசு வேண்டாமா என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரு கூட்டத்தில் முடியவில்லை. இரண்டாம் கூட்டத்தில் நான்கு குழிகளுக்கு ஒப்புக்கொண்டார்கள்.

நான்கும் பூசியாகிவிட்டது. சிமெண்ட் காயும்வரை நெசவாளர்கள் குழிக்குள் கால் வைக்கவில்லை, அந்த நாள்களின் கூலியை வின்சென்ட் தே பவுல் சபையினர் ஏற்றுக்கொண்டார்கள். மற்ற வீடுகளின் கணக்கை இளையோர் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெரிய மழை இன்னும் வரவில்லை. அந்த அம்மா நாள்தோறும் காலையில் குழிக்குள் கையை விட்டு ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்கிறார்.